நோயை வளர்த்து விதையைத் தேடுதல்

துவரைச் செடி பூத்துக் காய்பிடிக்கும் பருவத்தில், நிலத்தில் போதிய ஈரம் இருக்கும்போதே இலைகள் மஞ்சளித்துத் துவண்டு செடி காய்ந்து போகுமானால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வாடல் நோயாகும். தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறும் ஊதா நிறப் பட்டையும், தண்டைப் பிளந்தால் உள்ளே தெரியும் கருங்கோடுகளும் இந்நோயின் அடையாளங்கள். 1906ஆம் ஆண்டில் பீகாரிலிருந்து இதனை விவரித்த பூசணவியல் அறிஞர் எட்வின் ஜான் பட்லர், 1910இல் இதற்குக் காரணமான பூசணத்திற்கு ஃபுசேரியம் உடம் என்று பெயரிட்டார். மண்ணில் வாழும் இப்பூசணம் வேர்களின் வழியே புகுந்து, நீரை மேலேற்றும் குழாய்த் திசுக்களில் பரவி அவற்றை அடைத்துவிடுவதால், காலடியில் நீர் இருந்தும் செடி தாகத்தால் மடிகிறது.

காய்பிடிப்பதற்கு முன்பே செடி வாடினால் விளைச்சல் முழுவதும் போய்விடும். அறுவடை நெருங்கும்போது வாடினாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கும் வேர்களிலும் அடிக்கட்டைகளிலும் இப்பூசணம் சில ஆண்டுகள் உயிரோடு இருக்குமாதலால், பூசணக்கொல்லி கொண்டு செய்யும் விதை நேர்த்தி இளம்பருவத்தில் காக்குமேயன்றிப் பூக்கும் காலம்வரை துணை நிற்காது. சோளத்தை ஊடுபயிராகவோ சுழற்சிப் பயிராகவோ சேர்ப்பது நோயைக் கணிசமாகக் குறைக்கிறது என்றாலும், மழையை மட்டும் நம்பித் துவரை விதைக்கும் உழவருக்குக் கூடுதல் செலவின்றிக் கிடைக்கக்கூடிய உறுதியான பாதுகாப்பு, நோயைத் தாங்கும் மரபை விதையிலேயே கொண்ட இரகம்தான்.

அத்தகைய இரகத்தைக் கண்டறிவதில் உள்ள முதன்மையான இடர்ப்பாடு, நோய் வயல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை என்பதே. ஒரு செடி பிழைத்திருப்பது அதன் எதிர்ப்புத்திறனாலா, அல்லது அது வேரூன்றிய இடத்தில் பூசணம் இல்லாததாலா என்பதைச் சாதாரண வயலில் பிரித்தறிய இயலாது. எனவே ஆய்வாளர்கள் முதலில் நோயையே பயிர்செய்ய வேண்டியிருக்கிறது. வாடிய செடிகளை நறுக்கி மண்ணில் உழுது கலந்து, பயிர்ச்சுழற்சி ஏதுமின்றி எளிதில் நோய்க்கு ஆளாகும் துவரையையே பருவந்தோறும் விதைத்து, நல்ல உழவர் தவிர்க்கும் அனைத்தையும் வேண்டுமென்றே செய்து அவர்கள் உருவாக்கும் இடமே ‘நோய் வயல்’ ஆகும். 1972இல் ஐதராபாத்துக்கு அருகே படான்சேருவில் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இம்முறை செம்மையாக வளர்த்தெடுக்கப்பட்டது. சோதனைக்குரிய வரிசைகளுக்கு இடையிடையே, எளிதில் வாடும் ஐ.சி.பி. 2376 போன்ற வகைகள் விதைக்கப்படுகின்றன; அவ்வரிசைகள் பெருமளவு மடிந்தால்தான் அருகில் பிழைத்து நிற்கும் செடிக்கு மதிப்பு உண்டு. பத்து விழுக்காட்டுக்கு மேல் வாடாத வகைகளே எதிர்ப்புத்திறன் உடையவை என்று கொள்ளப்படுகின்றன. புதிய இரகத்தின் பெயர் பரவும் அளவுக்கு, அதற்கு அடித்தளமான இந்த நோயுற்ற மண்ணைப் பல ஆண்டுகள் பேணிக் காத்தவர்களின் உழைப்பு பேசப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இந்தத் தேடலில் கிடைத்த ஐ.சி.பி. 8863, மாருதி என்ற பெயரில் 1986இல் கர்நாடகத்தில் வெளியிடப்பட்டு, வாடல் நோய் கடுமையாக இருந்த வட கர்நாடகத்தின் கரிசல் நிலங்களில் விரைவாகப் பரவியது. ஆயினும் சிலந்திப்பேன் பரப்பும் வைரசால் செடியைப் பூக்கவிடாமல் செய்யும் மலட்டுத் தேமல் நோய்க்கு மாருதியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இவ்விரு நோய்களையும் தாங்கும் ஐ.சி.பி.எல். 87119, ஆஷா என்ற பெயரில் 1993இல் வெளியாயிற்று. பின்னர் துவரையின் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டு 2012இல் வெளியிடப்பட்டபோது, அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட இரகமும் ஆஷாவே.

எனினும் ஓரிடத்தில் பெறப்பட்ட எதிர்ப்புத்திறனை எல்லா இடத்துக்கும் உரியதாகக் கருத முடியாது. ஃபுசேரியம் உடம் பூசணத்திலேயே தாக்கும் திறனில் வேறுபட்ட பல வகைகள் இருப்பதால், ஓர் ஊரின் நோய் வயலில் தலைநிமிர்ந்து நின்ற துவரை மற்றோர் ஊரில் வாடக்கூடும். இதனாலேயே இறுதித் தேர்வுக்கு முன் பல மாநிலங்களின் நோய் வயல்களில் ஒரே வகையைச் சோதிப்பது கட்டாயமாகிறது.

வெளியீட்டுக்குப் பின்னும் பணி முடிவதில்லை. துவரைப் பூக்களுக்குத் தேனீக்கள் அடிக்கடி வருவதால் அயல் மகரந்தச் சேர்க்கை கணிசமாக நிகழ்கிறது; பக்கத்து வயலில் நோய்க்கு எளிதில் ஆளாகும் துவரை பூத்திருந்தால், சேமித்த விதையில் சில பருவங்களுக்குள் எதிர்ப்புத்திறன் நீர்த்துப்போகிறது. ஆகவே மூல விதையை உற்பத்தி செய்வோர் தனித்து விலகிய வயல்களையோ பூங்கொத்துகளை மூடும் வலைப்பைகளையோ நாடுகின்றனர். அவ்வாறு பெருக்கிய விதையின் ஒரு பகுதியை மீண்டும் நோய் வயலில் இட்டு, அதன் திறன் குன்றாதிருப்பதை உறுதிசெய்து கொள்வதும் அவசியமாகிறது.