பழையனூர் நீலிக்கு ஒரு நாவல் வேண்டும்

காஞ்சிபுரம் செவிலிமேட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம் திருப்பருத்திக்குன்றத்துக்கு. சமணர்களின் ஜினகாஞ்சி அதுதான். அங்குள்ள வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, குரு புஷ்பசேனர் சொற்படி, விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88 வாக்கில் எழுப்பினார். புஷ்பசேனருக்கு ஆசிரியர் வாமன முனிவர். ஒரு பேய்மகளின் காப்பியத்துக்குச் ‘சமயதிவாகரம்’ என்னும் உரை எழுதியவர் இவரே என்பது அறிஞர் பலர் கருத்து.

அந்தப் பேய்மகள் பழையனூர் நீலி. திருவாலங்காட்டுப் பக்கம் இன்றும் சொல்லப்படும் கதை இது: கட்டிய மனைவியைக் கணவன் காட்டில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன். அவளோ பழி தீராத பேய். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ‘என் புருஷன் என்னைக் கைவிடுகிறான்’ என்று ஊர்ச்சபை முன் அழுகிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து, வேளாளர் எழுபது பேர் அவனை அவளோடு தங்க வைக்கிறார்கள். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு.

பழிக்குப் பழி என்று இந்தக் கதை முடிகிறது. அதற்குப் பிறகு நீலியை என்ன செய்யலாம் என்று யோசித்தவர் நீலகேசிக் காப்பியத்தின் பெயர் தெரியாத ஆசிரியர். அவர் கதையில், பலியை நிறுத்திய முனிச்சந்திரரை விரட்ட ஒரு காளி நீலியை அழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள், அழகியாக வந்து மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. அவரிடமே பாடம் கேட்டுக் கொல்லாமையை ஏற்கிறாள் நீலி. பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவரோடும் வாதிட்டு வெல்கிறாள். சாபத்தைச் சுமந்தவள் தர்க்கத்தைக் கையில் எடுக்கிறாள்.

முதலில் அவள் எதிர்கொள்வது குண்டலகேசியை. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கணவனைத் தள்ளிக் கொன்ற பெண் அவள். கணவன் கையால் செத்தவளும், கணவனைக் கொன்று பிழைத்தவளும் சபையில் எதிரெதிரே நின்று உயிர், வினை, வீடுபேறு பற்றி வாதிடுகிறார்கள். இதற்கு இணையான காட்சி எந்த மாயக்கதையில் இருக்கிறது? குண்டலகேசிக் காப்பியம் முழுதாகக் கிடைக்கவில்லை. அதன் செய்யுள்கள் பலவற்றின் முதற்குறிப்புகளையாவது காத்துக் கொடுத்தது அந்தச் சமயதிவாகர உரைதான். அ. சக்கரவர்த்தி 1936இல் நீலகேசியை அச்சேற்றினார்.

பதின்பருவப் பிள்ளைகள் இன்று சூனியக்காரிகளையும் சாபங்களையும் ஆங்கில நாவல்களில் தேடிப் படிக்கிறார்கள். படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் கேரளத்தார் தங்கள் யட்சிக் கதையின் கள்ளியங்காட்டு நீலியை 2025இல் ‘லோகா’ படத்தின் நாயகியாக்கி, திரையரங்குக்கு இளைஞர்களை வரவழைத்தார்கள். கள்ளியங்காடு இருப்பதோ நம் நாகர்கோவில் அருகே! நாம் மட்டும் நீலியைப் பாடத்திட்டத்தில் ‘ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்று’ என்ற ஒரு மதிப்பெண் விடையாக்கி வைத்திருக்கிறோம்.

எழுத வருகிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீலியை அழகுபடுத்தாதீர்கள். அந்தக் கொலையையும் எழுபது பேரின் சாவையும் மழுப்பாமல் எழுதுங்கள். அவள் வாதத்தால் வெல்லும் இடங்களைச் சுருக்கிவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வாதங்கள் புரியும்.