வெள்ளைக் கிழங்கும் ஆரஞ்சுக் கிழங்கும்

மொசாம்பிக் நாட்டின் சாம்பேசியா மாகாணத்தில் சிறு விவசாயிகள் வீட்டுக் குழந்தை, தாய்ப்பாலுக்கு அடுத்துப் பழகுவது பெரும்பாலும் மக்காச்சோளக் கூழும் மரவள்ளியும்தான். வயிறு நிறையும், வைட்டமின் ஏ கிடைக்காது. அது குறைந்தால் மாலைக்கண் வரும், தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் உயிரைக் குடிக்கும் அளவுக்கு முற்றும்.

சர்க்கரைவள்ளி அங்கே பழகிய பயிர். ஆனால் வழிவழியாக நட்டுவந்தது வெள்ளைக் கிழங்கு. ஆரஞ்சுக் கிழங்குக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். வெள்ளையில் அது பெயரளவுக்குத்தான் உண்டு. ஆக, கொல்லையில் எந்தக் கொடி என்பதே குழந்தையின் சாப்பாட்டைத் தீர்மானித்தது.

ஜான் லோவும் சக ஆய்வாளர்களும் சில ஊர்களில் ஆரஞ்சுக் கொடிகளைக் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் குழந்தைகளைக் கவனித்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைந்திருந்த குழந்தைகள் அவ்வூர்களில் 60 விழுக்காட்டிலிருந்து 38 ஆகக் குறைந்தார்கள். கொடி கிடைக்காத ஊர்களில் சொல்லும்படி மாற்றமில்லை. கிழங்குக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. மசித்த கிழங்கில் கொஞ்சம் எண்ணெயோ வேர்க்கடலையோ சேர்க்கத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதில் அடக்கம். கொழுப்பு இல்லாமல் பீட்டா கரோட்டின் உடலில் சரியாகச் சேராது. புரதத்துக்கு எப்படியும் பயறு, மீன், முட்டையைத்தான் நாட வேண்டும்.

ருசியிலும் ஒரு சிக்கல். பெரியவர்களுக்கு மாவு மாவாக இருக்கும் கிழங்கு பிடிக்கும். தொடக்க கால ஆரஞ்சு ரகங்கள் நீர்த்திருந்தன. குழந்தைகளோ குழைவானதையே விரும்பிச் சாப்பிட்டார்கள். வீட்டில் எதை நடுவது என்று குழந்தையா முடிவெடுக்கிறது!

இதைவிடப் பெரிய தொல்லை வறட்சி. சர்க்கரைவள்ளியைக் கொடி வெட்டித்தான் நட வேண்டும். நீண்ட கோடையில் கொடி காய்ந்துபோனால், ஈரநிலம் இல்லாத குடும்பத்துக்கு அடுத்த மழைக்கு நட எதுவும் இருக்காது. பயிர் ஆய்வாளர் மரியா அந்திராடே வறட்சி தாங்கும் ரகங்களை அங்கேயே உருவாக்கினார்; 2011இல் 15 ரகங்கள் வெளியிடப்பட்டன. அவரும் ஜான் லோவும் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்ற நால்வரில் இருவர்.

அடுத்த மழைக்குக் கொடி கிடைக்கக் காசு செலவில்லாத வழியும் உண்டு. அடிபடாத சிறு கிழங்குகளைப் பொறுக்கி, ஒரு தொட்டியில் காய்ந்த மணலை அடுக்கடுக்காகப் பரப்பி உள்ளே வைத்துவிடுவார்கள். மழைக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது முளைவிட்ட கிழங்குகளை எடுத்து வீட்டோரம் நட்டுத் தண்ணீர் ஊற்றினால், முதல் மழைக்கு வெட்டி நடக் கொடி தயாராகிவிடும்.