கணினி போர்ட் பொருத்தம் (ஆய்வகக் கருவிகள்)

கணினியின் பக்கத்திலோ பின்புறத்திலோ வெளிக்கருவிகளின் வடத்தைச் செருகுவதற்காக உள்ள வாய்க்குப் போர்ட் என்று பெயர். பாடநூல்களில் இதைத் துறை என்பர். அளவிடும் கருவி ஒன்றைக் கணினியுடன் இணைக்கும் முன், அந்தக் கருவியும் அந்தப் போர்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவருமா என்று பார்ப்பதே போர்ட் பொருத்தம் பார்த்தல். வடம் செருகிக்கொண்டது என்பதால் பொருத்தம் இருக்கிறது என்று ஆகிவிடாது. வடிவம், மின்னழுத்தம், மின்னோட்டம், தரவு செல்லும் முறை, இயக்கி மென்பொருள் எல்லாம் ஒத்துவர வேண்டும். இவற்றில் மின்னழுத்தம் தவறினால் கருவியோ கணினியோ எரியலாம். மற்றவை தவறினால் பெரும்பாலும் வேலை நடக்காது, அவ்வளவுதான்.

பீனிக்ஸ் முதல் எக்ஸ்ப்ஐஸ் வரை

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் 2004இல் பீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. இயற்பியல் சோதனைகளைக் குறைந்த செலவில் கணினி வழியாகச் செய்வது அதன் நோக்கம். முதலில் வந்த பீனிக்ஸ் பெட்டி, அச்சுப்பொறிக்காக இருந்த 25 துளை இணைப் போர்ட்டில் பொருந்தியது. அடுத்து நுண்கட்டுப்படுத்தியுடன் வந்த பீனிக்ஸ்-எம், 9 முள் தொடர் போர்ட்டைப் பயன்படுத்தியது. பின்னர் வந்த எக்ஸ்ப்ஐஸ் ஜூனியரும் எக்ஸ்ப்ஐஸ்-17உம் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. சில ஆண்டுகளுக்குள் ஒரே திட்டம் மூன்று வகைப் போர்ட்டுகளைக் கடந்துவிட்டது. காரணம் எளிது: கணினிகள் மாறின. தமிழ்நாட்டில் 2011இல் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய காலத்தில், சந்தையில் கிடைத்த சாதாரண மடிக்கணினிகளில் இணைப் போர்ட்டும் தொடர் போர்ட்டும் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

அப்போது பழைய பெட்டியை என்ன செய்வது? மாற்றி வாங்கலாமே என்றுதான் தோன்றும். நீலகிரியில் பணியாற்றியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இணைப் போர்ட் பெட்டி ஒன்றை மடிக்கணினியில் ஓட்டுவதற்காக, கோயம்புத்தூரில் ஒரு கடையில் யுஎஸ்பியிலிருந்து 25 துளைக்கு மாற்றும் வடம் வாங்கி வந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு நாள் மல்லுக்கட்டியும் பெட்டி அசையவில்லை. கடைக்காரர் மேல் பிழை இல்லை. நான் வடிவத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

அதன் காரணத்தை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. பழைய கணினியில் இணைப் போர்ட்டுக்கு ஒரு நிலையான முகவரி உண்டு. பெரும்பாலும் அது பதினாறடிமான எண் 378. நிரல் அந்த முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பினால், போர்ட்டின் எட்டுத் தரவு முள்களில் அதற்கேற்ப 0 வோல்ட்டோ 5 வோல்ட்டோ உடனே தோன்றும். ஆய்வகப் பெட்டிகள் இதை நம்பியே செய்யப்பட்டன. யுஎஸ்பி மாற்றியில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. அது தன்னை ஓர் அச்சுப்பொறி வடமாகக் கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்கிறது, அச்சிடும் தரவை மட்டும் கடத்துகிறது. ஆகவே அச்சுப்பொறிக்கு அது சரி, சோதனைப் பெட்டிக்கு உதவாது. தொடர் போர்ட்டுக்கான யுஎஸ்பி மாற்றிகள் இப்படி இல்லை. அவை பெரும்பாலான கருவிகளுடன் நன்றாகவே வேலை செய்யும்.

ஒரே வடிவம், வேறு மின்னழுத்தம்

25 துளை வாயைப் பார்த்ததும் அச்சுப்பொறிப் போர்ட் என்று முடிவுகட்டக் கூடாது. பழைய மேக்கின்டாஷ் கணினிகளிலும் சில வருடிகளிலும் அதே வடிவில் ஸ்கசி போர்ட் இருந்தது. இரண்டையும் மாற்றி இணைத்தால் உள்ளிருக்கும் சுற்று கெடலாம்.

இன்றைய மாணவர்கள் அதிகம் தவறுவது தொடர் இணைப்பில்தான். ஆர்எஸ்-232 தரத்தில் 1 என்ற குறிக்கு -3 முதல் -15 வோல்ட்டு வரையும், 0 என்ற குறிக்கு +3 முதல் +15 வோல்ட்டு வரையும் இருக்கலாம். நுண்கட்டுப்படுத்திப் பலகைகளிலோ 0 வோல்ட்டும் 5 வோல்ட்டும், அல்லது 0 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மட்டுமே. இரண்டையும் நேராக இணைத்தால் 12 வோல்ட்டு போய் 3.3 வோல்ட்டுச் சில்லில் இறங்கும். இடையில் மேக்ஸ்232 போன்ற மின்னழுத்த மாற்றிச் சில்லு கட்டாயம் வேண்டும். கடையில் "யுஎஸ்பி சீரியல் மாற்றி" என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் கிடைக்கும். 9 முள் தலை உள்ளது ஆர்எஸ்-232 வகை. தனித்தனிக் கம்பிகள் உள்ளது 5 அல்லது 3.3 வோல்ட்டு வகை. எந்த வோல்ட்டு என்பதை, கருவியை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

கருவியின் அளவீட்டு வாய்களுக்கும் எல்லை உண்டு. எக்ஸ்ப்ஐஸ்-17இல் ஏ1, ஏ2 வாய்கள் ±16 வோல்ட்டு வரை அளக்கும்; ஏ3 ±3.3 வோல்ட்டு மட்டுமே. கருவியின் தரைமுனை யுஎஸ்பி வடம் வழியாகக் கணினியின் தரைமுனையோடு சேர்ந்திருப்பதால், 230 வோல்ட்டு வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ள எந்தச் சுற்றையும் இதனால் தொடவே கூடாது. இதில் கணினி மட்டுமல்ல, உயிரும் அடங்கியிருக்கிறது.

யுஎஸ்பியில் பார்க்க வேண்டியவை

யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு கருவிக்கு 500 மில்லிஆம்பியர் வரையும், 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியர் வரையும் தரும். தனி மின்சாரம் இல்லாத ஹப் வழியாக இணைத்தால் ஒரு வாய்க்கு 100 மில்லிஆம்பியர்தான் கணக்கு. மோட்டார், மின்காந்தச் சுருள் போன்றவற்றை அதில் ஓட்டினால் கருவி அடிக்கடி துண்டிக்கப்படும். பலர் அதை மென்பொருள் கோளாறு என்று எண்ணி நேரத்தை வீணாக்குவர்.

இன்னொன்று வடம். கைபேசியோடு வரும் சில வடங்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இரா. விளக்கு எரியும், கணினிக்குக் கருவி தெரியாது. வடத்தை மாற்றிப் பார்ப்பதே முதல் சோதனை.

இயக்கியும் அடையாள எண்ணும்

ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கணினிக்குச் சொல்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலும், லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையிலும் இவற்றைப் பார்க்கலாம். எண் தெரிந்து கருவி ஓடவில்லை என்றால் இயக்கியைத் தேட வேண்டும். எண்ணே தெரியவில்லை என்றால் வடம், போர்ட், கருவி என்ற வரிசையில் தேட வேண்டும்.

மாற்றிகளில் எஃப்டிடிஐ, பிஎல்2303, சிஎச்340 ஆகிய சில்லுகள் பரவலானவை. முதல் இரண்டிலும் போலிகள் அதிகம். 2014 அக்டோபரில் விண்டோஸ் வழியாக வந்த எஃப்டிடிஐ இயக்கி, போலிச் சில்லுகளின் பொருள் எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டது. முதல்நாள் வரை ஓடிய கருவிகள் மறுநாள் ஓடவில்லை. உபுண்டு 22.04இல் வேறொரு வேடிக்கை. பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரை மென்பொருள், சிஎச்340 மாற்றியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிடும். பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர்கள் பிஆர்எல்டிடிஒய் என்ற அந்த மென்பொருளை நீக்கினால் சரியாகிவிடும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் பயனர் டயல்அவுட் குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

9 முள் மாற்றி சரியா என்று அறிய ஒரு பழைய உத்தி உண்டு. கருவியை இணைக்காமல், 2ஆம் முள்ளையும் 3ஆம் முள்ளையும் சிறு கம்பியால் சேர்த்துவிட்டு, தொடர் போர்ட்டுக்கான ஏதேனும் ஒரு நிரலில் எழுத்துகளைத் தட்ட வேண்டும். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் போர்ட், மாற்றி, இயக்கி மூன்றும் நலம். அதன் பிறகும் கருவி பேசவில்லை என்றால் வேகம் மாறியிருக்கலாம், அல்லது அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறியிருக்கலாம்.

மலைப்பகுதி ஆய்வகங்களில்

கூடலூரில் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூரில் வடகிழக்குப் பருவமழையிலும் வாரக்கணக்கில் ஈரம் வடியாது. முள்களில் களிம்பு பிடித்துவிடும். பொருத்தம் எல்லாம் சரியாக இருந்தும் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பின்பே மின்சாரம் தர வேண்டும். குளிர்ந்த அறையில் வைத்திருந்த கருவியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் இணைக்கக் கூடாது. கண்ணாடியில் படிவதுபோல உள்ளேயும் நீர் படியும். அரைமணி நேரம் விட வேண்டும்.

உதகையில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி நாள்களில் நிலைமை நேர்மாறு. காற்று வறண்டிருக்கும், எல்லோர் மேலும் கம்பளிச் சட்டை இருக்கும். கம்பளியில் சேரும் நிலைமின்சாரம் போர்ட் வழியாகப் பாயலாம். வடத்தைத் தொடும் முன் நிலத்தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்வது வழக்கமாக இருக்கட்டும். சித்திரை மாத இடிமழையின்போது, அளவீடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்.