பால் கட்டு: பிசைவதா, தணிப்பதா?

பிள்ளை பெற்று இரண்டு மூன்று வாரங்கள் சென்ற ஒரு தாயின் மார்பில், நேற்றுவரை இல்லாத ஒரு கட்டி திடீரெனத் தென்படுகிறது. தொட்டால் நோகிறது, மேலே தோல் சிவந்து சூடேறியிருக்கிறது, மாலையானதும் காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்துகொள்கின்றன. "பால் கட்டிப்போட்டுது" என்பர் வீட்டு மூத்த பெண்கள். மன்னார் நகரை அடுத்த கீரியானாலும், தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை ஆனாலும் இதன்பின் நடப்பது பெரும்பாலும் ஒன்றே. சுடுநீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுப்பர். எண்ணெய் பூசிக் கட்டியைக் கையால் அழுத்திப் பிசைவர். சில வீடுகளில் சீப்பின் முதுகால் உரசுவதும் உண்டு. நாவூறு என்று கழிப்புச் செய்வோரும் உளர். தாய் அழுதாலும் பிசைகின்ற கை நிற்பதில்லை. கட்டி கரைய வேண்டுமென்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆயினும் அந்தப் பிசைதலே கட்டியைப் பெரிதாக்கக்கூடும் என்பதுதான் அண்மைக்கால மருத்துவம் கூறுகின்ற செய்தியாகும்.

இது சிறு விடயமன்று. குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மாத்திரமே கொடுப்பதில் இலங்கை உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடாகும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பாலை மாத்திரமே அருந்தினர். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு இதில் பெரிது. எனினும் பாலூட்டலைத் தாய்மார் இடைநடுவில் கைவிடச் செய்கின்ற காரணங்களுள் மார்பு வலியும் ஒன்று. வலி தாங்காமல் ஒருநாள் நிறுத்திப் பால்மாப் பேணியைத் திறந்தவள் மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்புவது எளிதன்று.

பிசைதல் ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள மார்பின் உள்ளமைப்பைச் சற்று அறிதல் வேண்டும். ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணரான சேர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் பாற்குழாய்களில் மெழுகு முதலியவற்றைச் செலுத்தி ஆராய்ந்து 1840 இல் வெளியிட்ட நூலே நெடுங்காலம் இதற்கு ஆதாரமாயிருந்தது. முலைக்காம்பின் பின்புறம் பால் தேங்கி நிற்கும் பைகள் உள்ளன என்ற கருத்து அவ்வழியே பாடநூல்களில் நிலைத்தது. மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாரின் மார்பைக் கழியொலிக் கருவியால் பார்த்து 2005 இல் வெளியிட்ட முடிவுகள் வேறு கதை சொல்லின. அத்தகைய பைகள் காணப்படவில்லை. காம்பை வந்தடையும் முதன்மைக் குழாய்கள் பதினைந்தோ இருபதோ அல்ல, சராசரியாக ஒன்பது. அவையும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் விட்டமுடைய, எளிதில் நசுங்கிவிடுகின்ற மெல்லிய குழாய்கள். மார்பெங்கும் அவை கிளைவிட்டு, இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் சூழ அமைந்திருக்கின்றன.

ஆகவே, அடைபட்ட தண்ணீர்க் குழாயிலிருந்து அடைப்பைத் தள்ளி வெளியேற்றுவது போல மார்பையும் எண்ணுவது பொருந்தாது. பெரும்பாலான வேளைகளில் உள்ளே தள்ளவேண்டிய அடைப்பு என்று ஒன்று இருப்பதில்லை. குழாயைச் சூழ்ந்த இழையம் வீங்குகிறது. வீக்கம் வெளியிலிருந்து குழாயை நெருக்குகிறது. பால் வருவது குறைகிறது. வீங்கிய இடத்தை மேலும் அழுத்தினால் மெல்லிய இரத்தக் குழாய்கள் காயப்பட்டு வீக்கம் கூடும். சுளுக்கிய கணுக்காலை எவரும் முழு வலுவுடன் பிசைவதில்லை அல்லவா? தாய்ப்பால் மருத்துவக் கழகம் என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022 இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி இந்த விளக்கத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஆழமாகப் பிசைவதைத் தவிர்த்தல், குளிர் ஒத்தடம், வீக்கத்தைத் தணிக்கும் மருந்து, குழந்தை கேட்கும்போது வழமைபோல் ஊட்டுதல் என்பனவே அது கூறும் முதலுதவிகள்.

பழைய ஆலோசனை நமது பாட்டிமாருடையது மட்டுமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2000 இல் வெளியிட்ட மார்பழற்சி பற்றிய ஆவணமும் பாலை நன்கு வெளியேற்றுதல், வெந்நீர் ஒத்தடம், தடவுதல் ஆகியவற்றையே பரிந்துரைத்தது. இன்றும் 2022 வழிகாட்டியின் எல்லா அம்சங்களையும் எல்லா நிபுணர்களும் ஏற்கவில்லை. சான்றுகள் இன்னும் போதியளவு திரளவில்லை என்பது அவர்களின் வாதம். ஆனால் வலியெடுக்கப் பிசைவதை ஆதரிப்போர் இரு தரப்பிலும் அருகியே காணப்படுகின்றனர்.

இவ்விடத்திலேதான் இயன் மருத்துவம் வருகிறது. இயன் மருத்துவர் என்றதும் பாரிசவாத நோயாளியும் முழங்கால் வலியுமே நமக்கு நினைவில் எழும். பாலூட்டும் தாய்க்கும் அவரால் செய்யக்கூடியது உண்டு. முதலாவது, நிணநீரை வடியச் செய்யும் மென் தடவல். இதில் அழுத்தமே இல்லை. பூனையின் முதுகை வருடும் அளவு போதும். கழுத்தெலும்பின் மேற்புறத்திலும் அக்குளிலும் விரல் நுனிகளால் பத்துப் பத்துச் சிறு வட்டங்கள் இட்டு, பின்னர் காம்பின் பக்கத்திலிருந்து அக்குளையும் கழுத்தெலும்பையும் நோக்கித் தோலை மெல்ல வருட வேண்டும். பிசைகின்ற கை எப்போதும் காம்பை நோக்கிச் செல்லும். இந்தக் கை எதிர்த்திசையில் செல்கிறது. வெளியேற்ற வேண்டியது பாலையல்ல, வீக்கத்தின் நீரை என்பதே அதன் தாற்பரியம். ஒருமுறை காட்டிக்கொடுத்தால் தாய் தானே வீட்டில் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, சிகிச்சைக்கான கழியொலி. வயிற்றிலுள்ள சிசுவைப் பார்க்கும் ஸ்கான் வேறு, இது வேறு. தோள், முதுகு வலிகளுக்கு இயன் மருத்துவப் பிரிவுகளில் வழமையாகப் பயன்படுத்தப்படும் கருவி இது. வீங்கிய பகுதியின் மேல் நாளுக்குச் சுமார் ஐந்து நிமிடங்கள் இதைச் செலுத்துவதுண்டு. 2022 வழிகாட்டியும் இதனை ஏற்றுள்ளது. ஆனாலும் அளவுகடந்த நம்பிக்கை வேண்டியதில்லை. 1991 இல் அவுஸ்திரேலியாவில் பால் பெருகி மார்பு இறுகிய தாய்மாரிடையே ஒரு சோதனை நடத்தப்பட்டது. ஒரு சாராருக்கு உண்மையாகக் கழியொலி செலுத்தி, மறுசாராருக்குச் செலுத்துவது போலப் பாவனை செய்தனர். இரு சாராரும் ஒரே அளவில் சுகமடைந்தனர். பிற்காலத்துச் சிறு ஆய்வுகள் நற்பயனைக் காட்டினாலும் அவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க மறுசாரார் இருக்கவில்லை. கருவி கிடைக்காத ஊரில் இருக்கும் தாய் எதையோ இழந்துவிட்டதாக வருந்தத் தேவையில்லை என்பது எமது கருத்து.

மூன்றாவது, உட்காரும் விதம். பாயில் குனிந்திருந்து மணிக்கணக்காகப் பாலூட்டும் தாயின் கழுத்தும் தோளும் இறுகிவிடுகின்றன; குழந்தையும் காம்பைச் சரிவரக் கவ்வுவதில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து, குழந்தையை மார்பின் உயரத்துக்கு ஏந்திக் கொள்வது போன்ற சிறு திருத்தங்களின் பலன் கருவியின் பலனைவிடப் பெரிதாக இருப்பதுண்டு.

குளிர் ஒத்தடம் பற்றி ஒரு தயக்கம் நமது வீடுகளில் நிச்சயம் எழும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது, சன்னி வரும் என்ற அச்சம் பழையது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து முதல் இருபது நிமிடம் வீங்கிய இடத்தில் வைப்பதால் உடம்பு குளிர்ந்துவிடாது. மீனுக்கு ஐஸ் போடும் கரையூர்களில் அதற்குப் பஞ்சமுமில்லை. சூடு சிலருக்கு இதம் தருமாயினும் இரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தை அதிகமாக்கலாம்.

மருந்து விடயத்தில் இலங்கையர்க்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. மேலைநாட்டு வழிகாட்டிகள் இபுப்ரோபென் மாத்திரையைத் தாராளமாகப் பரிந்துரைக்கின்றன; பாலூட்டும் தாய்க்கு அது பொதுவாக ஏற்றதே. ஆனால் டெங்கு பரவும் நாட்டில் காய்ச்சலுடன் இருப்பவர் அதனைத் தாமாக விழுங்கக்கூடாது. டெங்காயின் இரத்தக்கசிவுக்கு அது வழிகோலலாம். வைத்தியர் பார்க்கும்வரை பரசிட்டமோல் மாத்திரமே உகந்தது.

பாலை முற்றாகக் கறந்துவிடுவதும் பயனற்றது. கறக்கக் கறக்க மேலும் சுரக்கும். மேலும் சுரந்தால் மேலும் இறுகும். இதன் மறுதலையையும் நம்மவர் அறிந்திருந்தனர். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூக் கட்டும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் அதனைப் பால் நிறுத்தும் மாத்திரையுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து, பூவுக்கும் பலனுண்டென 1988 இல் எழுதினர். பாலூட்ட விரும்பும் தாய்க்கு அது ஏற்றதன்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஒரு நாள் கழிந்தும் காய்ச்சலும் சிவப்பும் தணியாவிடின், அல்லது அதற்கு முன்னரே நிலைமை மோசமாயின், வைத்தியசாலைக்குச் செல்வதைப் பிற்போடலாகாது. கிருமித்தொற்று ஏற்பட்டிருந்தால் நுண்ணுயிர் கொல்லி மருந்து தேவை. பத்து முதல் பதினான்கு நாட்கள் அது கொடுக்கப்படும். இரண்டு நாளில் சுகம் கண்டு நிறுத்திவிடக்கூடாது. நோயுற்ற மார்பிலிருந்து ஊட்டினால் பிள்ளைக்குக் கிருமி போகும் என்ற பயமும் வேண்டாம். அப்பால் குழந்தைக்குத் தீங்கற்றது. சீழ் கட்டினால் மாத்திரம் இயன் மருத்துவமோ மாத்திரையோ போதாது. ஊசியாலோ சிறு கீறலாலோ அதனை அகற்ற வேண்டும்.

கூச்சமே பெருந்தடை. மார்பைக் காட்டவேண்டுமே என்று ஒரு வாரம் மறைத்து வைத்திருந்து சீழுடன் வரும் தாய்மார் எல்லாச் சமூகத்திலும் உளர். பெண் வைத்தியரையோ பெண் இயன் மருத்துவரையோ கேட்பதில் பிழையேதும் இல்லை. முஸ்லிம் தாய்மாரைப் பொறுத்தவரை, பாலூட்டலின் முழுமையை இரண்டு ஆண்டுகள் என அல்குர்ஆன் 2 ஆம் அத்தியாயத்தின் 233 ஆம் வசனம் பேசுகிறது. நோயுற்றோருக்கும், தமக்கோ பிள்ளைக்கோ அஞ்சும் பாலூட்டும் தாய்மாருக்கும் ரமழான் நோன்பைப் பிற்போடும் சலுகையும் மார்க்கத்தில் உண்டு. காய்ச்சலோடு நோன்பிருந்து வருந்தும் பெண்ணுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் வீட்டிலுள்ளவரே. பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இருமுறை வீட்டுக்கு வரவேண்டியவர். மார்பைப் பார்க்குமாறு அவரிடம் தாயே கேட்கலாம். மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பும் வழியும் அவரிடமுண்டு.

பால் கட்டென்று எண்ணிய கட்டி சில வாரங்களாகியும் கரையாதிருந்தாலும், சிவப்பு மருந்துக்கு மசியாதிருந்தாலும், தோல் தோடம்பழத் தோல் போலக் குழிவிழுந்தாலும், அதனைப் பாலின் கணக்கில் எழுதிவிடாமல் ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். அரிதாயினும், மார்பழற்சி போலவே தோற்றம் காட்டும் ஒருவகை மார்பகப் புற்றுநோயும் உண்டு.