சண்டையில் பிறக்கும் காதல்: 90 ஆண்டுகள் கடந்தும் ‘ஸ்க்ரூபால்’ படங்கள் ரசிக்கப்படுவது ஏன்?

செல்வந்தத் தந்தையிடமிருந்து தப்பியோடும் மகள், வேலையிழந்த செய்தியாளர், இருவரும் ஏறும் இரவுப் பேருந்து. ஃபிராங்க் காப்ரா 1934-இல் இயக்கிய ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்தின் கதை ஏறக்குறைய இவ்வளவுதான். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய 5 முக்கிய ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேர வென்ற முதல் படம் இதுவே.

‘ஸ்க்ரூபால்’ என்பது பேஸ்பால் ஆட்டத்தில் எதிர்பாராத திசையில் வளைந்து செல்லும் பந்துவீச்சைக் குறிக்கும் சொல். கிறுக்குத்தனம் என்ற பொருளும் அதற்கு உண்டு. இவ்வகை நகைச்சுவைப் படங்களுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது.

அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த காலம் அது. வேலையின்றி வரிசையில் நின்ற மக்களுக்கு, சீமான் வீட்டுப் பெண் காசில்லாமல் பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்னும் காட்சி தனி ஆறுதலைத் தந்திருக்கும். ஆனால், அவள் வெறும் கேலிப்பொருள் அல்ல. கட்டைவிரலைக் காட்டி வாகனத்தை நிறுத்தும் வித்தையைப் பெருமையுடன் விளக்கும் நாயகன் தோற்றுப்போக, பாவாடையைச் சற்றே உயர்த்தி நொடியில் காரை நிறுத்துபவள் அவளே.

அதே ஆண்டின் நடுப்பகுதியில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதன் பிறகு வந்த படங்களில் நெருக்கத்தைக் காட்டும் பொறுப்பு வசனத்தின் மீது விழுந்தது. இதன் உச்சம், ஹோவர்ட் ஹாக்ஸின் ‘ஹிஸ் கேர்ள் ஃபிரைடே’ (1940). மூல நாடகத்தில் ஆணாக இருந்த செய்தியாளரை, ஆசிரியரின் முன்னாள் மனைவியாக ஹாக்ஸ் மாற்றினார். பத்திரிகை அலுவலக நாடகம் காதல் கதையாகிவிட்டது. ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் தொடங்கும் அந்தப் பேச்சில், அறிவிலும் வேகத்திலும் நாயகி சிறிதும் பின்தங்குவதில்லை. இன்றைய பல காதல் படங்களில் காணக் கிடைக்காத சமநிலை இது.

எல்லாமே உடனே வென்றுவிடவில்லை. சிறுத்தையுடன் கேத்தரின் ஹெப்பர்ன், கேரி கிராண்ட் அல்லாடும் ‘பிரிங்கிங் அப் பேபி’ 1938-இல் வசூலில் ஏமாற்றமளித்தது, பின்னாளில்தான் கொண்டாடப்பட்டது.

காப்ராவின் பேருந்து இந்தியாவுக்கும் வந்தது. அக்கதையைத் தழுவி ‘சோரி சோரி’ (1956), ‘தில் ஹை கே மான்தா நஹீன்’ (1991) ஆகிய ஹிந்திப் படங்கள் வெளியாகின. இங்கு வசனச் சண்டையின் பாதி வேலையைப் பாடல்களே செய்தன. ராஜ் கபூரும் நர்கிஸும் நாயகன், நாயகியாக இணைந்த கடைசிப் படமான ‘சோரி சோரி’யைத் தயாரித்தது, சென்னையின் ஏவி.எம். நிறுவனம்.