பேர் விழாத நாட்கள்

மலையகப் பெண்ணும் மருத்துவக் காப்புறுதியும் – 6

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணின் மருத்துவப் பாதுகாப்பு நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரி, அரசாங்க ஆஸ்பத்திரி, தொழிற்சட்டங்கள், காசு கட்டி வாங்கும் தனியார் காப்புறுதி என்பன அவை. முதல் மூன்றும் எதைக் கொடுக்கின்றன, எந்த வயதில் கொடுக்காமல் நிறுத்துகின்றன என்று தெரிந்த பிறகுதான் நான்காவதற்குக் காசு கட்டுவது தகுமா என்று பார்க்க முடியும்.

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நோயில் விழும் பெண்ணுக்குச் செலவு வேறு வழியில் வருகிறது: முச்சக்கர வண்டிக் கூலி, வெளியே எடுக்கச் சொல்லும் மருந்து, வெளியே செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனை. இவற்றைவிடப் பெரிய இழப்பு அன்றைய சம்பளம். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலை பதிவாவதைத் தோட்டத்தில் ‘பேர் விழுவது’ என்பார்கள். 2024 செப்டம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. அன்றைய நாட்சம்பளமும் இல்லை.

டிஸ்பென்சரி

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென முதல் சட்டம் 1872இல் வந்தது. 1912இல் வந்த இரண்டு கட்டளைச் சட்டங்கள் தோட்ட நிர்வாகத்தின் மருத்துவப் பொறுப்பை விரித்து எழுதின. தோட்டத்துக்குத் தோட்டம் டிஸ்பென்சரி, மருத்துவமாது, பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்) என்ற அமைப்பு அந்த வழியில் வளர்ந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. காலப்போக்கில் தோட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது. இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017 மே மாதம் டிக்கோயாவில் திறக்கப்பட்டது. டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கிடைக்கும். ஸ்கேன், சத்திரசிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் டிக்கோயா, நுவரெலியா, கண்டி, மஹரகம என்று தூரம் கூடிக்கொண்டே போகும்.

பருவ வயது

பெரியவளாகும் வயதில் பெண்பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் பாடசாலை வழியாக வருகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் 6ஆம் வகுப்பு மாணவிகளுக்கு இரண்டு முறையாக, ஆறு மாத இடைவெளியில் இலவசமாகப் போடப்படுகிறது. தோட்டப் பாடசாலைகள் 1970களிலிருந்து அரசாங்கப் பாடசாலைகளானதால் லயத்துப் பிள்ளைக்கும் அது கிடைக்கிறது. படிப்பை இடையில் விட்ட பிள்ளைக்கு இரண்டாவது ஊசி தவறக்கூடும்.

இந்த வயதில் தொடங்கி நெடுங்காலம் தொடரும் குறை இரத்தச்சோகை. காலையில் ரொட்டியும் சாயத்தேத்தண்ணியும், மலையிலும் அதே ரொட்டி. தேநீரிலுள்ள டனின், உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் உடல் எடுத்துக்கொள்ளும் இரும்புச் சத்தைக் குறைத்துவிடும். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயுடன் விழுங்கினால் அதன் பலன் பெரும்பகுதி போய்விடும். தண்ணீருடன் குடித்து, தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தால் போதும். இந்தக் குறையைத் தீர்க்கக் காப்புறுதிப் பத்திரம் தேவையில்லை.

பிள்ளைப்பேறு

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்ணின் பழைய வருமானப் பாதுகாப்புகளில் ஒன்று. பேறுகாலத்தில் 12 வாரத்துக்குப் பணம் கிடைக்கும். நாட்கூலிக்காரருக்கு அது பொதுவாகச் சம்பளத்தின் ஏழில் ஆறு பங்கு. முன்பு இரண்டு பிள்ளைகள் உயிருடன் இருந்தால் அடுத்த பேற்றுக்கு ஆறு வாரம் மட்டுமே கிடைத்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேறுகால முன்னறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஓராண்டில் அதே முதலாளியிடம் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே கர்ப்பத்தின் முதல் மாதங்களில் மசக்கையாலும் கிளினிக்காலும் விடுபட்ட ஒவ்வொரு பேரும் இந்தக் கணக்கில் குறையும். கொழுந்துக் காணியைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கிலோவுக்குப் பணம் கொடுக்கும் வெளிவாரி முறையில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே செக்ரோலில் நாள் பதிவாவதில்லை. 150ஐ எண்ணிக் காட்ட ஏடு இல்லை.

தனியார் காப்புறுதி இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. பல தனிநபர் திட்டங்களில் மகப்பேறு சேர்வதேயில்லை. சேர்ந்தாலும் காத்திருப்புக் காலம் ஒன்பது, பத்து மாதம் இருக்கும். கர்ப்பமான பிறகு எடுக்கும் பத்திரம் அந்தப் பேற்றுக்குச் செல்லாது. கொழும்பிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு நிறுவனத்தின் குழுக் காப்புறுதி கிடைக்கலாம். அதில் மகப்பேறு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையை விட்டு ஊர் திரும்பினால் அந்தக் காப்புறுதியும் முடிந்துவிடும்.

முப்பத்தைந்துக்குப் பின்

தலையில் பட்டையை மாட்டிக் கூடையைச் சுமந்து, சரிவில் நின்றபடி நாளுக்குப் 18 கிலோவும் அதற்கு மேலும் பறிக்கும் உடலுக்குக் கழுத்து வலியும் இடுப்பு வலியும் இந்த வயதில் நிலைத்துவிடுகின்றன. அதிக இரத்தப்போக்கு, கருப்பைக் கட்டி, கருப்பை இறக்கம், சீனி, பிரஷர் என்று பட்டியல் நீளுகிறது. இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதை எட்டிய பெண்களுக்கு மார்புப் பரிசோதனை, பெப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். கிளினிக் வேலைநாளில் நடப்பதால், ஒரு பேரை விட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

வேலையிடத்து விபத்து வேறு கணக்கு. மலையில் குளவி கொட்டினால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி சம்பளத்தில் 3 வீதம் கட்டுகிறார். அந்த நிதியிலிருந்து இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் கண்வில்லைக்கும் உதவி கோரலாம். இது தனக்கு உண்டு என்று தெரியாத பெண்கள் ஏராளம்.

தனியார் காப்புறுதி கணக்கில் வருவது இந்த வயதில்தான். அதில் மூன்று வகை உண்டு. முதல் வகை ஆஸ்பத்திரிப் பில்லைத் திருப்பிக் கொடுக்கும். இலவச ஆஸ்பத்திரிக்கே போகும் பெண்ணுக்குப் பில்லே வராது. இரண்டாவது, வார்டில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இவ்வளவு என்று கொடுக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியும் அதில் சேருமானால் இழந்த சம்பளத்துக்கு ஈடாகும். மூன்றாவது, புற்றுநோய் போன்ற பாரிய நோய் உறுதியானால் ஒரே தொகையாகக் கொடுக்கும்; மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டிய குடும்பத்துக்கு அது கைகொடுக்கும்.

இரண்டாவது வகையிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. தோட்டப் பெண் இழப்பது பகல்கள்; பத்திரம் எண்ணுவது இரவுகள். மாதாமாதம் சீனிக் கிளினிக்குக்குப் போய் மாலையில் திரும்புகிறவள் ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் இழந்தாலும், வார்டில் தங்காததால் ஒரு சதமும் வராது.

கையெழுத்துக்கு முன் பத்திரத்தின் சில பந்திகளை வாசித்துப் பார்க்க வேண்டும். கருப்பை அகற்றல், கட்டி, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பல திட்டங்களில் ஓராண்டு, ஈராண்டு காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள நோயை மறைத்தால் பின்னர் கோரிக்கை மறுக்கப்படும். பாரிய நோய்த் திட்டங்கள் பலவற்றில் பரவாத ஆரம்பநிலைப் புற்றுநோய் சேராது. தவணைத் தேதியையும் கவனிக்க வேண்டும். தை, மாசி வரட்சியில் கொழுந்து குறைந்து வேலைநாள் குறையும். தீபாவளி முற்பணம் கழிபடும் மாதங்களில் கைக்கு வரும் சம்பளம் சுருங்கும். அந்த மாதங்களில் தவணை தவறினால் பத்திரம் காலாவதியாகக்கூடும். அதுவரை கட்டியதும் காத்திருந்ததும் வீணாகலாம்.

ஐம்பதுக்குப் பின்

பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். நோய் கூடும் இந்த வயதில்தான் செக்ரோலோடு சேர்ந்த பாதுகாப்புகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. தனியார் பத்திரத்தின் பிரீமியமும் வயதோடு ஏறும். பல திட்டங்கள் அறுபதைத் தாண்டியவரைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. எஞ்சுவது அரசாங்க ஆஸ்பத்திரியும், பெரிய சிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியும். அந்த உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சேமலாப நிதிப் பணம் கைக்கு வரும்போது ஒரு பகுதியை மருத்துவத்துக்கென வங்கியில் ஒதுக்குவது, ஐம்பதில் புதுப் பத்திரம் தேடுவதைவிடப் பலருக்குப் பொருந்தும்.

எந்த வழியில் கோரினாலும் முதலில் பார்ப்பது பெயரை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ‘இராமாயி’, அடையாள அட்டையில் ‘ராமாய்’, செக்ரோலில் ஆங்கில எழுத்தில் வேறொன்று என்றிருந்தால் கோரிக்கை அங்கேயே நிற்கும். பெயரைத் திருத்துவதற்கும் சில நாட்கள் பேர் விழாமல் போகும். நோய் வருவதற்கு முன் இழக்க வேண்டிய நாட்கள் அவை.

(தொடரும்)