தலை நிற்காத குழந்தை

ஆறு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று பந்துக்கள் ஆறுதல் கூறுகிறார்கள். அந்த ஆறுதலில் அருமையான காலம் வீணாவதை நாம் உணர வேண்டும். அது மூளை முடக்குவாதத்தின் அறிகுறியாயிருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுவதே விவேகம்.

பிறக்குமுன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு நேரும் ஊறே இந்நோய்க்குக் காரணம். இது தொற்றுவதில்லை, தாயின் குற்றமுமன்று. ஊறு மேன்மேலும் வளர்வதில்லை. ஆனால் பயிற்சியின்றி விட்டால் தசைகள் இறுகி அங்கங்கள் கோணிவிடும். சிசுவின் மூளையோ புதியன பயில வல்லது. ஆகவே உட்காரவும், பிடிக்கவும், விழுங்கவும் முதல் வருஷத்திலேயே பழக்குதல் பெரும் பயன் தரும்.

இத்தகைய மகளைப் பெற்ற மிது ஆலூர் அம்மையார், 1972-ஆம் வருஷம் பம்பாயில் இக்குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். அம்மகள் மாலினி சிப், லண்டனில் உயர்கல்வி பெற்று, ஒற்றை விரலால் தட்டெழுதித் தம் வரலாற்றை 2010-இல் நூலாக்கினார்!

தாய் ஒருத்தியால் மட்டும் இது இயலுமா? அண்டை வீட்டார் தம் குழந்தைகளை இக்குழந்தையோடு விளையாட விடட்டும். பள்ளிக்கூடம் கதவைத் திறப்பது தருமமன்று, கடமை என்று 2016-ஆம் வருஷச் சட்டமே கூறுகிறது. 'முன்வினை' என்னும் சொல்லை நாம் இனி விடுவோமாக.